அவசரம் நீங்கிய பின்

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். இந்நான்கும் ஒருங்கே கூடுதல் சப்ரகமுவத் தோட்டங்களில் இன்றும் அரிதே.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவையைக் கவனிக்கும் பொறுப்பை 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்ட நிருவாகங்கள் மீது சுமத்தியது. அன்று அச்சுறுத்தியவை காய்ச்சலும் கழிச்சலும் கொழுக்கிப் புழுவும். இன்று லயங்களில் ஓசையின்றிக் குடியிருப்பவை நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஆகும்.

அவசர சிகிச்சையின் அருமையை 2003ஆம் ஆண்டின் இரத்தினபுரி வெள்ளமும், 2016ஆம் ஆண்டின் அரநாயக்க மண்சரிவும் உணர்த்தின. மேற்கு, தென் மாகாணங்களில் 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் பரவிற்று. இவை போற்றத்தக்கனவே. ஆயினும், நோயாளர் தேறிவிட்டார் என்று வைத்தியர் எழுதும் இடத்திலேயே தோட்டத் தொழிலாளியின் இடர் தொடங்குகின்றது.

கேகாலைப் பகுதியில் இறப்பர்ப் பால் வெட்டும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மரத்திற் பால் நன்கு வடிவது விடியற் பொழுதில். கிளினிக் நடைபெறுவதும் காலையில். மாத்திரைக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடும். ஆதலால், தலைச்சுற்று இல்லாத மாதங்களில் அவர் செல்வதில்லை. பாரிசவாதம் தாக்கிய பின்னர் அம்புலன்சில் செல்கின்றார். அந்த அவசரம் ஒரு நாளில் விளைந்ததன்று.

இலங்கையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறுகின்றார். அங்கு அவர் பெரிதும் காண்பவர் வாட்டிற் கிடக்கும் நோயாளரே. அவசரப் பிரிவுக்குச் செல்பவர் மேலும் விரைவையே பயில்கின்றார். விரைவு வேண்டும், பொறுமையும் பயிலப்பட வேண்டிய கலையே. அவசர வைத்தியரைச் சில மாதங்கள் தோட்டத்தை அண்டிய கிளினிக்கில் அமர்த்தி, அதே நோயாளரை மீண்டும் மீண்டும் காணச் செய்தல் வேண்டும். மாத்திரை தவறியது ஏன், வேலை எந்நேரம், சாயத்தில் எவ்வளவு சீனி என்று வினவ அவர் பழகுவார். அவற்றைத் தமிழிலே வினவவும் கற்பாராயின் பாதிப் பிணி அகலும்.

அவசரப் பிரிவின் நெருக்கடியில் இதற்கு நேரமேது என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. எனினும், எவரை வீட்டுக்கு அனுப்பலாம், என்ன சொல்லி அனுப்புவது என்பதை நாள்தோறும் தீர்மானிப்பவரும் அவ்வைத்தியரே. அங்கு செலவிடும் ஐந்து நிமிடம், பின்னொரு நாள் ஒரு கட்டிலை மிச்சப்படுத்தும். ஒரு தொழிலாளியின் வலக்கையையும் காக்கும்.

உயிரை மீட்பது வைத்தியத்தின் பாதி. மீட்ட உயிரை மலைக்கு நலமுடன் திரும்பி வாழச் செய்வது மறுபாதி.