ஆறாவது தட்டு

"உடைகிற சாமானுக்கு உயிரை விடுவானேன்?" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். வாஸ்தவந்தான். ஆனால் தொண்ணூறு வருஷம் உடையாமல் தப்பி வந்த கண்ணாடித் தட்டு ஒன்றை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். அந்த ஆசை லேசில் விடாது!

நான் சேர்ப்பது அமெரிக்காவின் 'டிப்ரஷன் கிளாஸ்'. 1929-ல் அங்கே பங்கு மார்க்கெட் சரிந்தது. ஆலைகள் மூடின, லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்தக் கஷ்ட காலத்தில்தான் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் தேன் நிறத்திலும் மலிவுத் தட்டுகளும் கோப்பைகளும் வந்து குவிந்தன. இயந்திர அச்சில் அழுத்திச் செய்தவை. ஓட்ஸ் பெட்டிக்குள் ஒன்று இனாம். சினிமா டிக்கெட்டுடன் ஒன்று இனாம்! வாரா வாரம் படம் பார்த்தால் ஒரு செட்டே சேர்ந்துவிடும்.

மலிவுக் கண்ணாடியில் குமிழியும் கோடும் இருக்கத்தானே செய்யும்? அவற்றை மறைக்கத்தான் அத்தனை சித்திர வேலை. ஹாக்கிங் கம்பெனியின் 'கேமியோ'வில் ஒரு நடன மங்கை. ஜீனட் கம்பெனியின் 'செர்ரி பிளாஸ'த்தில் பூங்கொத்து. 1970-களில் சேகரிப்பவர்கள் பெருகியதும் இவற்றுக்குக் கிராக்கி ஏறியது. கூடவே போலிகளும் முளைத்தன. வாங்குமுன் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் விலை இறங்கிவிடும்.

ஹாக்கிங் கம்பெனி பிறந்த ஒஹையோ மாநிலத்தில், ஒரு பழம்பொருள் கடையில், பச்சைத் தட்டுகள் ஆறு கண்டேன். ஆறாவதில் விளிம்பு பெயர்ந்திருந்தது. கடைக்கார அம்மாளுக்கு வயது எண்பதுக்கு மேல் இருக்கும்.

"அது வேண்டாம். அது என் அம்மாவின் தட்டு" என்றார். "நல்லதையெல்லாம் எங்களுக்கு வைத்துவிட்டு, தினமும் அதில்தான் அவள் சாப்பிடுவாள்."

எந்தத் தேசமானாலும் தாய்மார்களை ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள் போலும்!

"பரவாயில்லை, விலை சொல்லுங்கள்" என்றேன். அவர் பதில் பேசாமல் அதை மட்டும் எடுத்து மேஜை அறைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்து தட்டுகளுடன் திரும்பினேன்.

அவற்றை நான் பீரோவில் பூட்டவில்லை. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பலகாரம் அவற்றில்தான். கொதிக்கக் கொதிக்க எதையும் வைப்பதில்லை. அந்தக் கண்ணாடி சூடு தாங்காது. என்றாவது ஒன்றில் விளிம்பு பெயரத்தான் போகிறது. அது யாருக்கு என்பதையும் இப்போதே சொல்லிவிட்டேன்: வாரம் ஒருவருக்கு, முறை வைத்து!