அம்மாவின் குரலும் சேலை அலுமாரியும்

அம்மாவுக்கு 82 வயதாகிறது. எங்களைத் தொட்டிலிலிட்டு அவர் பாடிய தாலாட்டுகள் தம் தாயாரிடம் கேட்டுப் பழகியவை. எந்த நூலிலும் நான் காணாதவை. கடந்த ஆண்டிலிருந்து இடையிடையே அடிகளை மறக்கத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளாக ஊரார் பேச்சையெல்லாம் ஒலிப்பதிவு செய்து எழுதிய எனக்கு, வீட்டிலிருந்த குரலைப் பதிய வேண்டுமென்ற எண்ணம் அப்போதுதான் தோன்றியது. வெட்கமாகவே இருந்தது.

நல்லதோர் ஒலிவாங்கியை இரவல் பெற்று, முன் மண்டபத்தில் அம்மாவை இருத்திப் பாடவைத்தேன். சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர்கள். பதிவைக் கேட்டபோது, அவர் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல இருந்தது.

ஒலிப்பதிவுத் துறையிலிருந்த நண்பரொருவர் விளக்கினார்: மின்விசிறியின் சீரான இரைச்சலைக் கணினியில் பின்னர் ஓரளவு குறைக்கலாம். சுவரிற் பட்டுத் திரும்பும் ஒலி குரலோடு கலந்துவிட்டால், பழுதின்றிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே முதலில் அறையைச் சீர்செய் என்றார்.

அம்மாவின் சேலை அலுமாரி நிற்கும் சிறிய உள்ளறையைத் தெரிவு செய்தேன். அலுமாரிக் கதவுகளை அகலத் திறந்துவிட்டேன். தரையில் பாயும் அதன்மேல் கம்பளமும் விரித்தேன். ஒலிவாங்கி தன் முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் பற்றும் வகையைச் சேர்ந்தது. எனவே அம்மாவின் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரை மறைப்பதே முக்கியம். அங்கே கயிறு கட்டி இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டேன். மெல்லிய துணி உயர்ந்த ஒலிகளை மட்டுமே விழுங்கும். தடித்த துணியைச் சுவரிலிருந்து சற்று விலக்கித் தொங்கவிட்டால் அதற்குக் கீழுள்ள ஒலிகளும் ஓரளவு அடங்கும். வெளிச்சத்தத்தைப் போர்வை தடுக்காது. அதற்கு மருந்து நேரந்தான். காகங்களும் முச்சக்கர வண்டிகளும் ஓய்ந்த பின்னர், இரவு 10 மணிக்குத் தொடங்கினோம். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சுக்காற்று நேரே மோதாதபடி சற்றுப் பக்கவாட்டில் வைத்தேன்.

ஏழு தாலாட்டுகள் பதிவாயின. நான்காவதில் ஓரடி மறந்து அம்மா நின்றுவிட்டார். நானும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "ஃபானை ஏன் தம்பி நிப்பாட்டினனி? வேர்க்குதெல்லே" என்றார். அடுத்த கணமே மறந்த அடி நாவில் வந்துவிட, தொடர்ந்து பாடினார்.

அந்த இடத்தை வெட்டிவிடும்படி மகன் சொன்னான். நான் வெட்டவில்லை.

உங்கள் வீட்டிலும் பாடும் முதியவர் ஒருவர் இருப்பாராயின், போர்வைகளை இன்றிரவே எடுங்கள்.