தலைக்கு மேல் போகும் வண்டி காலனியில் நிற்குமா?

பௌர்ணமிதோறும் எங்கள் ஊரில் இந்தப் பேச்சு கிளம்பும். கிரிவலத்துக்கு வந்த கார்களும் வேன்களும் வேலூர் சாலையிலும் செங்கம் சாலையிலும் நகராமல் நிற்கும்போது, டீக்கடையில் யாராவது ஒருவர் சொல்வார்: "பேசாம ரோப் கார் விட்டுடணும் சார், தலைக்கு மேலேயே போயிடலாம்." கல்லூரியில் படிக்கும் நம் தம்பி தங்கைகளும் இப்போது கேட்கிறார்கள். வாரணாசியில் வருகிறது, திருவண்ணாமலைக்கு ஏன் வரக்கூடாது?

கேட்க வேண்டிய கேள்விதான். பாதுகாப்பா, செலவு கட்டுப்படியாகுமா என்று இரண்டு கணக்கு இதில் உண்டு. அந்த இரண்டையும் யார் பக்கம் நின்று போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

முதலில் பாதுகாப்பு. ரோப் கார் என்றாலே ஆபத்து என்று பயமுறுத்துவது எங்கள் நோக்கமல்ல. ஒழுங்காகப் பராமரித்தால் அது பாதுகாப்பான வண்டி. பழனியில் 2004 முதல் ஓடுகிறது. காற்று பலமாக அடித்தால் நிறுத்துகிறார்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு வாரக்கணக்கில் மூடுகிறார்கள். மூடுவதுதான் சரி. ஆனால் பழனியில் அந்த நாட்களுக்கு விஞ்ச் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. தினமும் வேலைக்குப் போக ரோப் காரையே நம்பியிருப்பவர் அத்தனை வாரம் என்ன செய்வார்?

கரூர் மாவட்டம் அய்யர்மலையில் 2024 ஜூலையில் ரோப் கார் திறந்தார்கள். மறுநாளே அது நடுவழியில் நின்று பக்தர்கள் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஜார்க்கண்டில் தேவ்கர் அருகே திரிகூட மலையில் 2022 ஏப்ரலில் நடந்தது இதைவிடக் கொடுமை. பெட்டிகளில் சிக்கியவர்களை மீட்க விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. மீட்டு முடிக்க 40 மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்று பேர் இறந்தார்கள். இருவர் மீட்கும்போது கீழே விழுந்தவர்கள். பேருந்து பழுதானால் இறங்கி நடக்கலாம். இங்கே அது முடியாது.

நமக்குப் பாதுகாப்பு என்பது கம்பியோடும் மோட்டாரோடும் முடிவதில்லை. 1929இல் அம்பேத்கர் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரரும் வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி, தூக்கி எறியப்பட்ட அம்பேத்கரின் கால் உடைந்தது. அந்த விபத்துக்குக் காரணம் குதிரையா, சக்கரமா? 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது பேருந்துப் பயணத்தை வழிமறித்துத்தான். பயணத்தில் நமக்கு என்ன நடக்கும் என்பதை நாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம். எட்டுப் பத்து பேர் ஏறும் மூடிய பெட்டியில் கண்டக்டர் கிடையாது, இடையில் இறங்கவும் முடியாது. "எந்தத் தெரு?" என்று கேட்டு சாதி தெரிந்துகொள்கிற கூட்டத்தோடு நம் தங்கை ஒருத்தி அதில் தனியாக இருந்தால்? பாதுகாப்பு அறிக்கை எழுதும் பொறியாளர் இந்தக் கேள்விக்கு ஒரு வரியும் ஒதுக்கமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது செலவு. வாரணாசித் திட்டத்துக்கு 2023 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், ஐந்து நிலையங்கள், மதிப்பீடு சுமார் 645 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 160 கோடிக்கு மேல் வருகிறது. ஒரு பேருந்தின் விலை அரை கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு ஆகும் பணத்தில் 300 பேருந்துக்கு மேல் வாங்கலாம். அங்கே மணிக்கு ஒரு திசையில் 3,000 பேர் போகலாம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு லட்சம் பேரை ஏற்றி முடிக்க 33 மணி நேரம் ஆகும். கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டமோ பல லட்சம்.

பேருந்தை ஓட்டவும் செலவு உண்டுதான். டீசல் வேண்டும், ஓட்டுநர் வேண்டும், நடத்துநர் வேண்டும். ஆனால் அந்தச் செலவின் பெரும்பங்கு சம்பளம். அரசுப் போக்குவரத்துக் கழக வேலையில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதமும் பழங்குடியினருக்கு 1 சதவீதமும் இடஒதுக்கீடு இருக்கிறது. அந்த 18க்குள் அருந்ததியருக்கு 3. ஒரு தாத்தா கண்டக்டர் ஆனதால் பேரப்பிள்ளைகள் பட்டம் வாங்கிய வீடுகள் எங்கள் காலனியிலேயே இருக்கின்றன. தனியார் நிறுவனம் நடத்தும் ரோப் வேயில் இந்த இடஒதுக்கீடு கிடையாது.

கட்டணத்தையும் பாருங்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் விடியற்காலையில் கிளம்பும் எங்கள் அம்மாக்களுக்கு 888 என்பது ஒரு மாத மளிகையில் பாதி. ரோப் காரில் அவர்கள் எவ்வளவு கொடுத்து ஏறுவார்கள்?

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் பட்டியல் சாதியினர் துணைத் திட்ட நிதியில் 600 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிடப்பட்டது. அன்றைய உள்துறை அமைச்சரே அதை மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். நகரத்தை அழகாக்கும் திட்டங்களில் நம் பங்கு இப்படித்தான் கரையும்.

அப்படியென்றால் ரோப் காரே கூடாதா? பொலிவியாவைப் பாருங்கள். மேட்டிலுள்ள எல் ஆல்டோ நகரில் அய்மாரா பூர்வகுடி மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். 2014இல் அங்கிருந்து லா பாஸுக்கு அரசே கம்பிவழி போட்டது. சுற்றுலாவுக்கு அல்ல, வேலைக்குப் போகிறவர்களுக்கு. கட்டணமும் எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் அளவில் வைக்கப்பட்டது. பிரேசிலின் ரியோவில் நடந்தது வேறு. அலெமாவ் குடிசைப் பகுதியில் 2011இல் தொடங்கிய கம்பிவழி, பணமில்லை என்று 2016இல் நின்றுபோனது. அதே நகரின் ரோசினியா மக்கள் 2013இல் தெருவில் இறங்கி, எங்களுக்கு ரோப் கார் வேண்டாம், கழிவுநீர் வசதி கொடு என்றார்கள். இரண்டு ஊரிலும் கம்பி ஒன்றுதான். யாருடைய தேவையிலிருந்து திட்டம் தொடங்கியது என்பதுதான் வேறு.

நம் ஊரின் தேவை எங்கே இருக்கிறது? 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரம் வ.உ.சி. நகரில் மண் சரிந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் ஒரே வீட்டுக்குள் புதைந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்கு மலையேற பக்தர்களுக்கு அனுமதி தரவில்லை. அந்தச் சரிவில் வேறு வழியில்லாமல் குடியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பான மாற்று இடம் வேண்டும். ரோப் காருக்குத் தூண் நட இடம் தேடினால், "ஆக்கிரமிப்பு" என்ற நோட்டீஸ் முதலில் எந்த வீட்டுக் கதவில் ஒட்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

பக்கத்து வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை போய்ச்சேராமல் இறந்தது. உடலையும் தாய் கையில் சுமந்துதான் நடந்தார். மலையில் போக்குவரத்து யாருக்கு முதலில் வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

எனவே தோழர்களே, இப்படி ஒரு திட்டம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நிலையம் எங்கெங்கே, காலனிக்குப் பக்கத்தில் ஒன்றாவது உண்டா? டிக்கெட் எவ்வளவு, மகளிர் இலவசம் செல்லுமா? வேலையில் இடஒதுக்கீடு உண்டா? எந்தத் தலைப்பிலிருந்து பணம்? நின்றுபோனால் எத்தனை நிமிடத்தில் மீட்பார்கள், யார் மீட்பார்கள்? தூணுக்காக எத்தனை வீடுகள் போகும்?

பதில் எழுத்தில் வரட்டும். அதுவரை, ஊர் முனையோடு திரும்பிவிடும் டவுன் பஸ்ஸை இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி, நம் தெரு வரைக்கும் வரவைக்கும் வேலையைப் பார்ப்போம்.