சாவி யாரிடம்?

எங்கள் வீட்டில் பயணம் என்றால் காலையில் பழனிக்குப் போய், மலையேறி, சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்த டப்பாவுடன் சாயங்காலம் திண்டுக்கல் திரும்பி விடுவதுதான். ராத்திரி தங்கினால் அது பெரிய பயணம். அப்படிப்பட்ட வீட்டில், 2024 மே மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று மாலையும் சால்வையுமாக வந்த என்னவர், அன்று இரவு தோசையைப் பிய்த்துக்கொண்டே, "லண்டன் போவமா?" என்று கேட்டார்.

முப்பத்து மூன்று வருஷம் பூகோளப் பாடம் நடத்தியவர். பிரிட்டனையும் அயர்லாந்தையும் கண்ணை மூடிக்கொண்டே கரும்பலகையில் வரைவார். ஆனால் கடலென்று அவர் பார்த்தது ராமேஸ்வரமும் கன்னியாகுமரியும்தான். "1790-ல நம்ம மலைக்கோட்டையப் பிடிச்சவங்க ஊரு. அவங்க வந்து பாத்தாங்க, நாம ஒருதரம் போய்ப் பாத்துட்டு வருவோமே" என்றார். சிரித்து விட்டேன். சிரித்தது சம்மதமாகி விட்டது!

மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. முதல் பக்கத்தில் இவர் சொன்ன ஊர்களை எழுதினேன். லண்டன், எடின்பரோ, பெல்ஃபாஸ்ட், டப்ளின், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், ஜெனீவா. பதினாறு ராத்திரிக்கு எட்டு ஊர். சின்ன வாணலியில் எட்டு வடையை ஒன்றாகப் போட்டால் ஒன்றும் வேகாது, எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பெட்டி கட்டுவதும் பிரிப்பதுமாகவே அரைநாள் அரைநாளாகப் போய்விடும். அதிலும் இவருக்குச் சர்க்கரை வேறு. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. ஆகவே நாலு ஊரை அடித்தேன். லண்டன் ஐந்து ராத்திரி, எடின்பரோ மூன்று, டப்ளின் மூன்று, பாரிஸ் நாலு, திரும்பும்போது லண்டனில் ஒன்று. இவர் முகம் சுருங்கியது. "பெல்ஃபாஸ்ட்டுமா?" என்றார். "அடுத்த தடவை" என்றேன். அடுத்த தடவை என்று ஒன்று உண்டா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் பூகோள வாத்தியாருக்கே தெரியாத பூகோளம் ஒன்று இருப்பது தெரிந்தது. படத்தில் அயர்லாந்து ஒரே தீவு. ஆனால் 1921-ல் பிரிந்த வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தது, அங்கே பவுண்டு. மீதி அயர்லாந்து தனிநாடு, அங்கே யூரோ. இந்தியர்களுக்கு விசாவும் வேறு வேறு. பிரிட்டன் விசாவில் பாரிஸ் போக முடியாது. பாரிஸுக்கு வேண்டியது 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. அந்த விசாவில் அயர்லாந்து போக முடியாது. தலை சுற்றியது. பெங்களூரில் இருக்கும் மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். 2015-லிருந்து இந்தியர்களுக்குப் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. பிரிட்டன் விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' என்ற குறிப்பு இருந்தால், முதலில் பிரிட்டனில் இறங்கிவிட்டு அப்புறம் அதே விசாவில் அயர்லாந்துக்கும் போகலாம். முதலில் எங்கே கால் வைக்கிறோம் என்பது முக்கியம். மணப்பெண் வலது கால் வைத்து வருகிற மாதிரி!

ஆக இரண்டு விசாவில் மூன்று நாடு. பிரிட்டன் விசாவைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் கேட்க முடியும். ஷெங்கனை ஆறு மாதம் முன்பே கேட்கலாம், ஆனால் கடைசிப் பதினைந்து நாளுக்குள் போய் நிற்கக்கூடாது. அப்போது ஒவ்வொரு தடவையும் பாஸ்போர்ட்டை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டியிருந்ததால், ஒன்று கைக்கு வந்த பிறகே மற்றது. 2025 மே கடைசியில் பயணம் என்று வைத்து, மார்ச்சில் பிரிட்டனுக்கும் ஏப்ரலில் பாரிஸுக்கும் எழுதினோம். பிரிட்டனுக்குத் தலைக்கு 115 பவுண்டு கட்டினோம். அந்த ஏப்ரலிலேயே அது 127 ஆகிவிட்டது. ஷெங்கனுக்கு 90 யூரோ. அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். சகோதரிகளே, இந்த இன்ஷூரன்ஸ் தாளை மட்டும் பொடி எழுத்துவரை படித்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்குப் பணம் தராத பாலிஸிகள் பல உண்டு. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளும் பாலிஸியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பணக் கணக்கு, நாள் கணக்கு எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. ஏறாத கணக்கு இரண்டு.

ஒன்று, என் மாமியார். வயது எண்பத்தொன்று. இடது காதில்தான் பேச வேண்டும். ராத்திரி எழுந்தால் கை பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். வத்தலக்குண்டில் இருக்கும் நாத்தனாரிடம் போனில் கேட்டேன். "ஊர் சுத்துறதுக்கு நீங்க போகணும், பாத்துக்கிறதுக்கு நான் வரணுமா அண்ணி?" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவளுக்கும் வீடு, பேரப்பிள்ளை என்று ஆயிரம் இருக்கிறதே. ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

மற்றது, நான்! இரண்டு விண்ணப்பங்களில் ஒன்றை மகள் கம்ப்யூட்டரில் நிரப்பிக்கொண்டே போனில் கேள்வி கேட்டாள். "அம்மா, வேலைன்னு என்ன போட?" "இல்லத்தரசின்னு போடு." "அப்படி ஒண்ணும் இல்லம்மா. வேலை பாக்குறவர், சொந்தத் தொழில், மாணவர், ஓய்வு பெற்றவர், வேலையில்லாதவர்... இவ்வளவுதான் இருக்கு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "வேலையில்லாதவர்னு போட்டுறட்டுமா?" என்றாள். அடுத்து மாத வருமானம். பூஜ்யம். பேங்க் கணக்கு? கேஸ் மானியம் விழுகிற கணக்கில் ஆயிரத்து நூறு ரூபாய். வீடு? இவர் பெயரில். ஒவ்வொரு பதிலுக்கும் நான் சிறிதாகிக்கொண்டே வந்தேன். முப்பத்தாறு வருஷமாக விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறவள் வேலையில்லாதவள்!

"சரிம்மா, பயணம் முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பி வருவீங்கங்கிறதுக்கு ஆதாரம் காட்டணும். அப்பாவுக்கு வீடு, பென்ஷன். உனக்கு என்ன போட?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தாழ்வாரத்துக் கட்டிலிலிருந்து மாமியார், "என்னத்தக் கேக்குறாக?" என்றார்கள். பக்கத்தில் போய் இடது காதில் சத்தமாகச் சொன்னேன். "நான் திரும்பி வருவேங்கிறதுக்கு என்ன சாட்சின்னு கேக்குறாங்க அத்தை."

"இதென்ன கேள்வி? நான் ஒருத்தி இங்க கெடக்கேனே, அது பத்தாதா? என்னைய விட்டுட்டு நீ எங்கிட்டுப் போயிருவ ஆத்தா?"

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியாது. போனில் கேட்டுக்கொண்டிருந்த மகள், 'எண்பத்தொரு வயது மாமியாரை வீட்டில் பராமரித்து வருபவர்' என்று இங்கிலீஷில் எழுதி விட்டாள். அந்த விண்ணப்பத்தில் என்னைப் பற்றிய உண்மை அந்த ஒரு வரிதான்.

அன்று மாலை அத்தையே மகளுக்குப் போன் போடச் சொன்னார்கள். என்ன பேசினார்களோ, நான் அடுப்படியில் இருந்துவிட்டேன்.

கைரேகை கொடுக்க வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். இவருடையது உடனே விழுந்தது. என் விரல்கள் மெஷினில் சரியாகப் பதியவே இல்லை. நாலைந்து தடவை துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். புளி போட்டுப் பித்தளை தேய்த்து, சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ரேகை தேய்ந்திருக்கிறது. அடுத்த தடவைக்கு ஒரு வாரம் முன்பே இவர் பாத்திரம் தேய்த்தார், நான் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கினேன். கல்யாணத்துக்குப் பிறகு என் கைக்குக் கிடைத்த முதல் விடுமுறை அது!

இரண்டு விசாவும் வந்து சேர்ந்தன. எங்கே எதைப் பார்ப்பது என்று அப்போதுதான் உட்கார்ந்து எழுதினோம். லண்டனில் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கும், திப்புவின் மரப்புலி இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. எடின்பரோவில் ஊர் நடுவே பாறை மேல் கோட்டை. "நம்ம மலைக்கோட்டை மாதிரியேதான்" என்றார் இவர். எங்கள் மொட்டை மாடியில் நின்று தினமும் பார்ப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கப் போகிறோம் என்றேன். பாரிஸிலிருந்து லண்டனுக்குக் கடலுக்கு அடியில் போகிற ரயில். 1994-ல் திறந்த அந்தச் சுரங்கம் 50 கிலோமீட்டர், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்குக் கீழே. இது மட்டும் இவருடைய ஆசை, கை வைக்கவில்லை. அந்த ரயில் புறப்படும் ஸ்டேஷன் பக்கத்திலேயே லா ஷாப்பெல் என்ற இடத்தில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பிள்ளையார் கோயிலும் உண்டு என்று கேள்விப்பட்ட பிறகு சாப்பாட்டுப் பயம் எனக்குப் பாதி போய்விட்டது.

அத்தை ஒரு பாட்டில் நெய் உருக்கி வைத்திருந்தார்கள். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களை நம் நாட்டிலிருந்து பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டு போகக்கூடாது என்று சொல்ல மனசே வரவில்லை. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொண்டோம். இவருடைய மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்தேன். மருந்தின் பெயர்களை எழுதி டாக்டரிடம் இங்கிலீஷில் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டேன். கோடைகாலத்தில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் இருக்குமாம். சூரியனைப் பார்த்து மாத்திரை போட்டால் தப்பாகிவிடும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று டாக்டரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். விமானத்தில் பத்துப் பதினொரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காராமல் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

நாத்தனாருக்காக இன்னொரு நோட்டு எழுதினேன். அத்தை எழுந்திருக்கும் நேரம், காபிக்கு எவ்வளவு சர்க்கரை, பிரஷர் மாத்திரை, கேழ்வரகுக் கூழின் பதம், வெந்நீரின் சூடு, எந்தக் காதில் பேசுவது, ராத்திரி எந்த விளக்கை எரிய விடுவது, கோபம் வந்தால் யார் பேச்சை எடுத்தால் ஆறும்... எழுதி முடித்துப் பார்த்தால் பதினொரு பக்கம். மூன்று நாடுகளுக்கும் சேர்த்து நான் எழுதிய குறிப்பே ஒன்பது பக்கம்தான்!

நாத்தனார் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டாள். நான் வீட்டில் இருக்கும்போதே மூன்று நாள் எல்லாவற்றையும் அவளே செய்து பார்க்கட்டும் என்று ஏற்பாடு. பெரியவர்களை விட்டுப் போகிறவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். அன்றிரவு நோட்டைப் பூராவும் படித்தாள். "இதெல்லாம் தினமுமா அண்ணி?" என்றாள். "தினமும்தான்" என்றேன். வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் நான் எழுந்து வந்தபோது பால் காய்ந்து, காபி டிகாஷன் இறங்கியிருந்தது.

இவரும் அந்த நோட்டைப் புரட்டியிருக்கிறார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னைப் பேங்குக்குக் கூட்டிப்போய், பென்ஷன் கணக்கில் என் பெயரையும் சேர்த்தார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கிறதென்று இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கிளம்புகிற நேரம். பீரோ சாவி, வீட்டுச் சாவி, கொல்லைக் கதவுத் திண்டுக்கல் பூட்டின் சாவி எல்லாம் சேர்ந்த கொத்து என் இடுப்பில். யாரிடம் கொடுப்பது என்று தயங்கி நின்றேன். அத்தை கையை நீட்டினார்கள். வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

"அத்தை, உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"ஒண்ணும் வேணாம். திரும்பி வந்ததும் என்னைய ஒருதரம் ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போங்க. பாம்பன்ல புதுப் பாலம் தொறந்து ரயில் போகுதாமே."

அப்போதுதான் உறைத்தது. எண்பத்தொரு வயதில் அவர்கள் ராமேஸ்வரம் பார்த்ததே இல்லை. இவர் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன ஊர் அது. எனக்கும் ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

ஜூன் நடுவில் திரும்பி வந்தோம். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார்கள். நாற்பது பக்க நோட்டில் இன்னும் பக்கம் பாக்கி இருந்தது. அதில் 'ராமேஸ்வரம்' என்று தலைப்புப் போட்டு, அத்தையின் மாத்திரை நேரங்களையும் ரயில் நேரங்களையும் எழுதினேன். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னாலேயே, ஜூலையில் போய் வந்தோம். புதுப் பாலத்தில் ரயில் ஏறியபோது அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது காதில், "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"நீ போன ஊர்ல இவ்வளவு தண்ணி இருந்துச்சா?" என்றார்கள்.

"இல்லை அத்தை" என்றேன். பூகோள வாத்தியார் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவரும் மறுக்கவில்லை.