சேரிக்குக் குடிபோன பேராசிரியர்

நகரத் திட்டமிடல் என்றதும் வரைபடத்தின்மீது வைக்கப்பட்ட அடிமட்டமே பலருக்கும் நினைவில் வரும். அவ்வடிமட்டத்தோடு வாழ்நாள் முழுவதும் பிணங்கியவர் பற்றிக் கெடிஸ். 1854இல் ஸ்கொத்லாந்தில் பிறந்த இவர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். பட்டம் எதனையும் பெற்றாரிலர். 1879இல் மெக்சிக்கோவில் ஆய்வு மேற்கொண்டிருந்த வேளை பார்வை மங்கி இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. பார்வை மீண்டதாயினும் நுணுக்குக்காட்டியோடு நெடுநேரம் உறவாட இயலவில்லை. கலங்களைப் பார்க்கவேண்டிய கண்கள் தெருக்களைப் பார்க்கலாயின.

1886இல் மணம் முடித்த கெடிஸ், மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் பழைய நகரில், வறியோர் நெருங்கி வாழ்ந்த யேம்ஸ் கோர்ட் குடியிருப்புக்கே குடிபெயர்ந்தார். சுவருக்கு வெள்ளையடித்தல், வெற்றிடத்தில் பூச்செடி நடுதல் என்பனவே முதற் பணிகள். அயலவர் வியந்தனர், பின்னர் கைகொடுத்தனர். 1888 முதல் 1919 வரை டன்டீயில் தாவரவியற் பேராசிரியராக விளங்கியபோதும் கோடைத் தவணையில் மட்டுமே கற்பித்தார். எஞ்சிய மாதங்கள் நகரங்களுக்குரியன.

1914இல் சென்னை ஆளுநரின் அழைப்பின்பேரில் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலையோ யேர்மனியரின் எம்டன் மூழ்கடித்தது. (தமிழில் 'எம்டன்' என்னும் சொல் எவ்வாறு வழங்குகின்றது என்பதை விளக்கவேண்டியதில்லை.) நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக்கொண்டு 1915இல் சென்னையிற் கண்காட்சி நடத்தினார்.

தஞ்சாவூர், மதுரை முதலிய நகரங்களை அவர் கால்நடையாகவே சுற்றிப்பார்த்தார். நெருக்கமான பகுதியை ஊடறுத்து நேர்த்தெரு அமைப்பதே அந்நாளைய பொறியியலாளர் கண்ட மருந்து. கெடிஸ் எழுப்பிய வினா எளியது: வீடிழந்தோர் எங்கே செல்வர்? அடுத்த தெருவிலுள்ள உறவினர் வீட்டிற்கே செல்வர். அங்கே நெருக்கடி இருமடங்காகும். எனவே 'பேணும் சத்திரசிகிச்சை' என்றொரு முறையை வகுத்தார். சிதைந்துபோன ஒருசில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைத்த வெளியில் மரம் நட்டு, கோயிலையும் கிணற்றையும் திருத்தினால் போதும்; செலவும் சிறிது. நுளம்புக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க வேண்டாம், மீனும் வாத்தும் விடுங்கள் என்றார்.

இந்தூரில் கொள்ளைநோய் பரவியபோது அவர் செய்தது இன்னும் சுவையானது. எத்தெருவினர் தம் வீடுகளை அதிகம் துப்புரவாக்கித் திருத்துகின்றனரோ அத்தெருவழியே தீபாவளி ஊர்வலம் செல்லும் என அறிவித்தார். ஊரே விளக்குமாற்றை எடுத்தது. அழுக்கை அரக்கனாகவும் கொள்ளைநோயை எலியாகவும் உருவமைத்து ஊர்வலத்திற் கொண்டுசென்றனர்.

இதற்கிடையே 1917இல் மகன் அலஸ்டெயர் பிரான்சுப் போர்க்களத்தில் வீழ்ந்தான். நோய்ப்படுக்கையிற் கிடந்த அன்னாவிடம் கெடிஸ் அதனைச் சொல்லவில்லை. அவ்வாண்டிலேயே அன்னாவும் கல்கத்தாவில் இறந்தார். கெடிஸ் பணியை நிறுத்தவில்லை. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியரானார். 1921இல் கொழும்பு நகர் பற்றியும் ஓர் அறிக்கை தந்தார்.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. பேச்சு தாடிக்குள்ளேயே முடங்கிவிடும். தொடங்கிய நூல்களிற் பல முடியவில்லை. ஏறத்தாழ 50 இந்திய நகரங்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகளிற் பெரும்பாலானவை அலுவலக அலுமாரிகளிலேயே தங்கிவிட்டன. அடிமட்டத்தால் தெரு கீறுவது ஒருநாள் வேலை. வீடு வீடாக நடந்து பார்க்க எந்த நிருவாகத்திற்குப் பொறுமை உண்டு?

1924இல் உடல்நலங் குன்றிப் பம்பாயை விட்டுப் பிரான்சின் மொன்பெலியே நகர் சென்றார். அங்கும் ஒரு கல்லூரியைக் கட்டத் தொடங்கி, மேட்டுநிலத்திற் செடிகள் நட்டுக்கொண்டிருந்தார். 1932இல் அங்கேயே காலமானார்.