ஆணி அடிச்சது யாரு?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆபீசுல ஆணி அதிகம். இன்னைக்கு எழுதப் போறதும் ஆணியைப் பத்தித்தான், ஆனா இது சுவத்துல அடிக்கிற ஆணி. :-)

புனே வந்த பதினோரு வருஷத்துல நாலு வாடகை வீடு பார்த்தாச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை முருகன் காலண்டருக்கு ஒரு ஆணி. அப்புறம் துணி காயப்போடற கொடிக்கு ரெண்டு. காலி பண்றப்ப ஓனர் சுவத்தைத் தடவித் தடவி எண்ணி, அட்வான்ஸில் பிடிச்சுக்குவார். அடுத்த ஆள் வர்றதுக்குள்ள பட்டி பார்த்து வெள்ளையடிச்சிடுவாங்க. நாம இருந்த சுவடே இருக்காது. ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு இதை நான் விளக்கணுமா என்ன?

கம்ப்யூட்டர்காரங்க 'கண்டெய்னர்'ன்னு சொல்றது கிட்டத்தட்ட இந்த வாடகை வீடுதான். (பி.காம் படிச்சவன் சொல்றேன், பொட்டி தட்டற மக்கள் சண்டைக்கு வராதீங்க.) 2013ல் டாக்கர் வந்தப்புறம் இது நல்லாப் பரவுச்சு. ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் சேர்த்து 'இமேஜ்'ன்னு கட்டி வச்சிடுவாங்க. ஓடறப்ப அதில் கை வைக்க முடியாது. அதுக்கு மேல மெல்லிசா ஒரு அடுக்கு கிடைக்கும். எழுதறது, அழிக்கறது எல்லாம் அந்த அடுக்கில்தான். பழைய கண்டெய்னரைத் தூக்கிட்டு புதுசு வச்சா அந்த அடுக்கும் போயிடும். வெள்ளையடிச்ச மாதிரி.

இனி கொஞ்சம் கொசுவத்தி.

தவணை தவறினவங்க பட்டியலை எடுத்துக் கிளைகளுக்கு அனுப்பற புரோகிராம் ஒண்ணு எங்க செக்‌ஷனில் இப்படி ஒரு கண்டெய்னரில் ஓடுது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கெடு நாள் கணக்கு ஒரு ஃபைலில் தப்பா இருக்குன்னு தெரிஞ்சது. கான்ட்ராக்டில் வேலை பார்க்கற தென்காசிப் பையன் ஒருத்தன் இருக்கான். "அண்ணே, முறைப்படி இமேஜையே மாத்திக் கட்டணும், அப்ரூவல் வேணும்"ன்னான். நான்தான், "தம்பி, இப்ப உள்ள போய் மாத்தி விட்டுடு, பேப்பரைத் திங்கட்கிழமை நான் போட்டுடறேன்"ன்னேன்.

போட மறந்துட்டேன்.

மூணு வாரம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் வேற ஒரு காரணத்துக்காக அதே பையன் புது வெர்ஷன் ஏத்தினான். பழைய கண்டெய்னர் போச்சு, கூடவே நாங்க அடிச்ச ஆணியும் போச்சு. கெடுவுக்குள்ள கட்டறவங்க பேரெல்லாம் தவறினவங்க பட்டியலில் வந்துடுச்சு. மாசாமாசம் பென்ஷன் வந்ததும் தவணை கட்டற ஒரு பெரியவர், நோட்டீசும் பாஸ்புக்குமா கிளையில் வந்து நின்னாராம்.

மீட்டிங் போட்டாங்க. வெர்ஷன் ஏத்தினது யாருன்னு கேட்டதும் பையன் எழுந்து நின்னான். அவனை அனுப்பிடலாம்ங்கற வரைக்கும் பேச்சு போச்சு. அவன் என்னைக் காட்டிக் கொடுக்கலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். உண்மையைச் சொல்லணும்னா, ஒரு நிமிஷம் நானும் பேசாமத்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாசம் எனக்கு பிரமோஷன் இன்டர்வியூ. அந்த ஒரு நிமிஷம் இப்பவும் உறுத்துது.

அப்புறம் எழுந்து சொல்லிட்டேன். மெமோ வந்தது, பிரமோஷன் வரலை. பையன் வேலை தப்பிச்சது.

அதுக்கப்புறம் அவன் ஒரு காரியம் பண்ணினான். டாக்கரில் 'டிஃப்'ன்னு ஒரு கட்டளை இருக்கு. கண்டெய்னர் உருவானதிலிருந்து எந்தெந்த ஃபைல் மாறியிருக்குன்னு பட்டியல் போடும். சேர்த்ததுக்கு 'ஏ', மாத்தினதுக்கு 'சி', அழிச்சதுக்கு 'டி'. பைத்தானில் டாக்கருக்குன்னு இருக்கற லைப்ரரியிலும் அதே வசதி உண்டு. அங்க எழுத்துக்குப் பதிலா எண்: மாத்தினது 0, சேர்த்தது 1, அழிச்சது 2. அதை வச்சு, ஓடற எல்லா கண்டெய்னரையும் தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்து எங்களுக்கு மெயில் அனுப்பற மாதிரி எழுதிட்டான்.

முதல் நாள் பட்டியல் அனுமார் வால். லாக் ஃபைல், தற்காலிக ஃபைல்னு எல்லாம் வந்துடுச்சு, ஓனர் தூசியையும் ஆணிக் கணக்கில் சேர்த்த மாதிரி. அதையெல்லாம் வடிகட்டினா, இன்னும் ரெண்டு கண்டெய்னரில் யாரோ அடிச்ச ஆணி கிடைச்சது! 'வால்யூம்'னு வெளியிலிருந்து இணைக்கற இடத்தில் மாறினது மட்டும் இதில் வராது. அது நாம லாரியில் ஏத்திட்டு வந்த பீரோ. ஓனர் கணக்கில் சேராது, அதுக்குத் தனியா கணக்கு வச்சுக்கணும்.

இதில் எனக்கு உறைச்சது ஒண்ணுதான். எந்த ஃபைல் மாறுச்சுன்னு டிஃப் சொல்லும். யாரு மாத்தினா, எதுக்கு மாத்தினா, பழைய எண் என்னன்னு சொல்லாது. அதுக்கு வவுச்சர் வேணும். வவுச்சர் இல்லாம ஒரு ரூபாய் நகரக்கூடாதுன்னு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தாங்க. ரூபாய்க்கு இத்தனை வருஷம் ஒழுங்கா கடைப்பிடிச்சேன். ஒரு ஃபைலில் இருந்த எண்ணுக்குக் கடைப்பிடிக்கலை.

இப்பல்லாம் ஆறு மணி மெயில் காலியா வந்தா, கேஷ் டேலி ஆன நிம்மதி. நேத்து ஒரே ஒரு 'சி' இருந்தது. பையனைக் கூப்பிட்டேன். "பேப்பர் உங்க டேபிள்லதான் இருக்குண்ணே, நீங்கதான் இன்னும் கையெழுத்து போடலை"ன்னான்.

போட்டுட்டு வீட்டுக்கு வந்தா, தங்கமணி கையில் சுத்தியலோட நிக்கறாங்க. "ஓனர்கிட்ட கேட்டாச்சா?"ன்னேன். முறைச்ச முறைப்பு இருக்கே... :-)