கூலாய்ச் சாலையில் ஒரு மஞ்சள் விளக்கு

ஜோகூர் பாருவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் வந்தால் கூலாய் பட்டணம். முதலாம் எண் கூட்டரசுச் சாலை ஊர் வழியாகப் போகிறது. இரயில் பாதையும் துணைக்கு வருகிறது. தெற்கே சாலெங், செனாய். வடக்கே கெலாப்பா சாவிட், புக்கிட் பத்து, செடெனாக். 'கெலாப்பா சாவிட்' என்றால் மலாய் மொழியில் செம்பனை என்று பொருள். மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். 2008-இல் இந்த வட்டாரம் தனி மாவட்டமாயிற்று. முதலில் கூலாய்ஜெயா என்றார்கள்; 2015-இல் பழைய பெயரே திரும்ப வந்துவிட்டது.

விடிகாலையில் இந்தச் சாலையோரம் நின்று பாருங்கள், வாசகர்களே. செம்பனைக் குலை ஏற்றிய லாரி, ஆலை எண்ணெய் கொண்டு போகும் டாங்கி லாரி, தோட்டத்து டிராக்டர், நான்கு சக்கர டிரக், பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடும் பள்ளி வேன். எல்லாம் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. ஓட்டுபவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு வேன்தான் இன்று சோறு போடுகிறது.

அந்தச் சோற்றில் கை வைக்கக்கூடிய ஒரு சின்ன விளக்கைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறோம். மீட்டர் பலகையில் வடிகட்டி போன்ற படமும், அதன் கீழே நீர்த்துளிகளுமாக மஞ்சளாக எரியும். சில வண்டிகளில் 'பீப்' சத்தமும் வரும். சாவியைத் திருப்பியதும் எரிந்து சில விநாடியில் அணைந்தால் பயமில்லை. விளக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓடும்போது எரிந்தால், 'டீசலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது, நிறுத்து' என்று வண்டி கூப்பிடுகிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? கூலாயில் வெயிலுக்கும் பஞ்சமில்லை, மழைக்கும் பஞ்சமில்லை. பகலில் சூடேறிய தொட்டி இரவில் குளிரும். பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று, குளிர்ந்த பாத்திரத்தில் வேர்ப்பதைப்போல் துளித்துளியாகப் படியும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளத்துக்குள் வண்டியை விட்டால் தொட்டியின் காற்றுக்குழாய் வழியாகவும் புகும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் வந்த பெருவெள்ளத்தை யார் மறப்பார்?

இன்னொரு செய்தி கேளுங்கள். நாம் வெட்டிப் போடும் குலையின் எண்ணெயும் டீசலில் சேருகிறது. போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலக்கும் திட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. இது புதுமையும் இல்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. செம்பனை டீசலால் கெடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அது சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் பிரிந்து அடியில் தங்கும். அங்கே நுண்ணுயிர்கள் வளர்ந்து, சேறுபோல் திரண்டு வடிகட்டியை அடைக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ; ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 840 கிராம்தான். அதனால் தண்ணீர் அடியில் இறங்கும். வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் அது சேர்ந்து ஓர் அளவுக்கு ஏறினதும், உள்ளே இருக்கும் உணர்கருவி விளக்கை எரிய வைக்கிறது. அதைத் தாண்டினால் தண்ணீர் பம்புக்கும் தெளிப்பானுக்கும் போய்விடும். அந்த உறுப்புகளின் இடைவெளி தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. டீசல்தான் அவற்றுக்கு மசகு. தண்ணீர் புகுந்தால் தேயும், துருப்பிடிக்கும். புதுவகை வண்டிகளில் அவற்றை மாற்ற ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். வேன் பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் வருமானமும் நிற்கும்.

சரி, விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

பதற வேண்டாம். 'வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்றும் ஓட்ட வேண்டாம். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணையுங்கள். நெடுஞ்சாலையானால் பிள்ளைகளைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்திவையுங்கள். இயந்திரம் ஆறட்டும். பக்கத்தில் சிகரெட் கூடாது.

வடிகட்டியின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். கீழே ஒரு டின்னை வைத்து, திருகை ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள்; முழுதும் கழற்றக்கூடாது. சில வண்டிகளில் மேலே உள்ள கைப்பம்பை அழுத்தினால்தான் வடியும். தண்ணீர் போய்ச் சுத்தமான டீசல் வந்ததும் கையாலேயே இறுக்குங்கள். கைப்பம்பு கெட்டியாகும்வரை அழுத்தியபிறகு வண்டியைக் கிளப்பி, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்கு வண்டி முறை மாறும். கையேட்டைப் பார்ப்பது நல்லது.

வடித்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிவைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். பிறகு அதைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையில் கொடுங்கள். விளக்கு அணைந்து, சில நாளில் மறுபடி எரிந்தால் குற்றம் தொட்டியில். போமனிடம் சொல்லித் தொட்டியையே கழுவி, வடிகட்டியையும் மாற்றுங்கள். வண்டி தானாக நின்றுபோனால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பாதீர்கள். இழுத்துப் போகச் சொல்லுங்கள். இழுவைக் கூலி பம்பின் விலையைவிடக் குறைவு.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. விலை ஏறும்போதெல்லாம் 'மலிவாக டிரம் டீசல் தருகிறேன்' என்று காதோரம் சொல்பவர்கள் வருவார்கள். மழையில் நிமிர்த்தி வைத்த டிரம்மைக் கவனித்திருக்கிறீர்களா? மேல்மூடியில் தண்ணீர் குளமாகத் தேங்கும். இரவில் டிரம் குளிரும்போது உள்காற்று சுருங்கி, அந்தத் தண்ணீரை மூடியின் இடுக்கு வழியே உறிஞ்சிவிடும். லிட்டருக்குச் சில காசு மிச்சம் பிடிக்கப்போய்ப் பம்பையே பறிகொடுப்பதா? தோட்டத்தில் டிரம் வைப்பவர்களும் அதைக் கூரையின் கீழ், படுக்க வைத்து, இரண்டு மூடியும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் வரும்படி வைக்கட்டும்.

வீட்டில் வண்டி ஓட்டுபவர் இருந்தால் இதைக் கத்தரித்து அவர் கையில் கொடுங்கள். இரவில் தொட்டியை நிரப்பி நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய் நிலையத்தில் டாங்கி லாரி டீசலை இறக்கிக்கொண்டிருந்தால், அடிச்சேறு கலங்கியிருக்கும். அடுத்த நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்த அன்று பத்து நிமிடம் நின்றால் போதும். மறுநாள் காலையிலும் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளி சேர்வார்கள்.